கிளிமூக்குச் செங்காயும் கரி அனலும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு இப்பால் உள்ளது குருபரப்பள்ளி. சாலையோரம் அண்மைக் காலத்தில் எழுந்த தொழிற்பேட்டையின் மதிற்சுவர்களும், அவற்றுக்கப்பால் செம்மண் மேடுகளில் வரிசை பிடித்து நிற்கும் மாமரங்களும் வழிப்போக்கர் கண்ணுக்கு ஒருங்கே புலப்படும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேசப்படும் எல்லைப் பிரதேசம் இது. யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் மாங்காயோடு வெல்லமும் உப்பும் காரமும் வேப்பம்பூவும் கூட்டிப் பச்சடி செய்யாத வீடு இங்கே அரிது. இனிப்பும் புளிப்பும் உறைப்பும் ஒரு வாயில் கலப்பது இவ்வூராருக்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதன்று. ஆயினும் அப்பச்சடியின் சுவையை நெருப்பின்மீது ஏற்றி, பழத்தை வாட்டி உண்ணும் முறையைத் தோட்டக்காரர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. மாம்பருவந்தோறும் நேரும் நஷ்டத்தை நோக்குங்கால் இம்முறை கவனிக்கத்தக்கதே என்பது விளங்கும்.

இந்த ஜில்லா 2004-ஆம் ஆண்டில் தருமபுரியினின்று பிரிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மா சாகுபடிக்குப் பெயர் பெற்றதும் இதுவே. செந்தூரா, பங்கனப்பள்ளி, ஆல்பொன்ஸா முதலிய ஜாதிகள் முன்னதாக வந்து போய்விடும். ஜூன், ஜூலை மாதங்களில் பெருவாரியாக வருவது தோத்தாபுரி. நுனி வளைந்து கிளியின் அலகு போல் இருப்பதால் கிளிமூக்கு என்றும், பெங்களூரா என்றும் இதனை வழங்குவர். இதன் விலை நிர்ணயமாவது பெரும்பாலும் உண்பவர் விருப்பத்தால் அன்று, பழக்கூழ்த் தொழிற்சாலைகளின் கொள்முதலால். முந்திய ஆண்டுக் கூழ் விற்காமல் தேங்கினால் அடுத்த பருவத்தில் லாரிகள் ஆலை வாசலில் காத்து நிற்கும். காய் ஒரு நாள் காத்தால் ஒரு நாள் பழுக்கிறது. இரண்டு நாள் காத்தால் அழுகத் தொடங்குகிறது.

2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் நேர்ந்ததைப் பலரும் மறந்திரார். கிலோ நான்கைந்து ரூபாய்க்குக் கேட்கிறார்களென்று கிருஷ்ணகிரிக் குடியானவர்கள் முறையிட்டனர். அதே ஜூன் மாதத்தில், வெளி ராஜ்யங்களின் தோத்தாபுரி உள்ளே வரலாகாதென்று ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லா அதிகாரிகள் தடை விதித்தனர். அங்கே ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுப்பதென்றும், அரசு 4 ரூபாய் சேர்ப்பதென்றும் ஏற்பாடாயிற்று. கர்நாடகத்தில் 2.5 லட்சம் டன் வரையில் விலைக் குறைவை ஈடு செய்ய மத்திய அரசு இசைந்தது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் மரம் ஒன்றே, காய் ஒன்றே. கைக்கு வந்த கிரயம் மட்டும் வெவ்வேறு. காய் பறிக்கும் கூலியும் வண்டிச் சத்தமும் கழித்துப் பார்த்துவிட்டு, மரத்திலேயே விட்டுவிடுவது மேலெனத் தீர்மானித்தவர்களும் உண்டு.

டன் கணக்கான காயைக் கரியடுப்பில் வாட்டி விற்று இத்துன்பத்தைத் தீர்த்துவிடலாமென்று ஒருவர் கூறினால் அது பேதைமை. அதற்கு வேண்டியவை ஒப்பந்த விலையும், சேமிப்பு வசதியும், ஜாதி மாற்றமுமேயாம். ஆனால் ஆலை வாங்காத காய் ஒவ்வொரு தோப்பிலும் உண்டு. காற்றில் உதிர்ந்தது, அளவிற் சிறுத்தது, தோலில் வடு விழுந்தது, லாரி புறப்பட்ட பின் பழுத்தது என்று அது பல வகைப்படும். இக்கட்டுரை அந்தக் காயைப் பற்றியதே.

உதிர்காயை விட்டுவைத்தல் ஆகாது

ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் வரும் கோடை மழை, மாவுக்கு நீரூட்டுகிறது; அதனோடு வரும் சூறைக்காற்றோ காயை உதிர்க்கிறது. ஒரே மாலையில் மரத்தடி முழுவதும் பச்சைக் காய் பரந்து கிடப்பதைக் காணலாம். இதனைப் பொறுக்கக் கூலி கட்டாதென்று விட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கம் இருமடங்கு நஷ்டத்தைத் தரும். கிடந்து கனிந்த பழத்தில் பழ ஈ முட்டையிடும். புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, பிறகு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவந்து மரத்திலிருக்கும் நல்ல பழத்தைத் தாக்கும். ஆகவே உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கி அப்புறப்படுத்துதல், கவர்ச்சிப் பொறி வைப்பதற்கு நிகரான தோப்புச் சுகாதாரமாகும். பொறுக்குவதற்கு ஒரு பிரயோஜனமும் உண்டானால் அவ்வேலை தவறாது நடக்கும். புழு விழுந்ததை மட்டும் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். புதைப்பதற்குச் சோம்பி வேலியோரம் எறிவது ஈக்கு விருந்து வைப்பதேயாம்.

காயை அரியும்போது கொட்டைக்குள் கருநிற வண்டு ஒன்று காணப்பட்டால் அதைக் கண்டு அருவருத்து முழுக்காயையும் எறிந்துவிட வேண்டியதில்லை. கிளிமூக்கிலும் நீலத்திலும் இந்த வண்டு மிகுதி. பூப்பிஞ்சுப் பருவத்தில் புகுந்து கொட்டைக்குள்ளேயே வளரும் இது, பெரும்பாலும் சதையைத் தீண்டுவதில்லை. சதை சுத்தமாயிருப்பின் இரு பக்கத்துப் பத்தைகளையும் எடுத்துக்கொண்டு, கொட்டையைத் தீயிலிட்டுவிடுவது தக்கது.

எப்பருவத்துக் காய் அனலுக்கு ஏற்றது

நன்றாய்க் கனிந்த மல்கோவாவை நெருப்பிலிடுவது பாவம். அது கம்பியில் ஒட்டிக் குழைந்து கரியில் வடிந்துபோகும். பச்சைக் காயோ வாட்டினால் வெளியே கருகும், உள்ளே புளிப்பு மாறாது. இரண்டுக்கும் இடைப்பட்ட செங்காயே அனலுக்குரியது. தோலில் பச்சை மங்கி மஞ்சள் தோன்றி, கட்டைவிரலால் அழுத்தினால் சிறிதே இடங்கொடுத்து, அரிந்தால் உட்சதை வெளிர்மஞ்சளாயிருக்கும் நிலையே அது. காயிலுள்ள மாப்பொருள் பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகிறது. செங்காயில் அம்மாற்றம் பாதிவழியில் இருக்கிறபடியால் இனிப்பும் உண்டு, புளிப்பும் உண்டு, சதையில் உறுதியும் உண்டு. எல்லா ஜாதிகளிலும் இந்நிலை வருமாயினும், கிளிமூக்கு இதற்கென்றே படைக்கப்பட்டதோ எனத் தோன்றும். சதை கெட்டி, நார் குறைவு, கொட்டை தட்டை, கனிந்த பிறகும் சிறிது புளிப்பு எஞ்சி நிற்கும். உணவு மேசைக்கு இரண்டாந்தரம் என்று இதனை இகழ்வதற்குக் காரணமான குணங்களே அனலில் முதல் தரமாகின்றன.

செங்காய் கிடைப்பதற்கு மருந்து வைக்க வேண்டியதில்லை. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப் பொருள்கள் கலந்திருக்கும். முற்றிய காயை வைக்கோலில் பரப்பி மூடி வைத்துத் தினமும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, செங்காயானவற்றை ஒதுக்கினால் போதும். முற்றாத உதிர்காய் வைக்கோலில் வெம்புமேயன்றிப் பழுக்காது. அதற்கு வேறு வழி பின்னே கூறப்படும்.

காம்பு முறிந்த இடத்தில் வடியும் பாலைக் குறித்து ஓர் எச்சரிக்கை. சேராங்கொட்டையும் முந்திரியும் மாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள். சேராங்கொட்டைப் பால் பட்டால் மேனி கொப்புளிப்பதை யாவரும் அறிவர். மாம்பாலும் சிலருக்கு உதட்டோரம் புண் உண்டாக்கும். ஆதலால் காயைக் காம்புப்புறம் கவிழ்த்துப் பால் வடியவிட்டு, இருமுறை நீரில் கழுவிய பின்பே அரிய வேண்டும். அதே காரணத்தால் மாங்கட்டையையும் மாஞ்சுள்ளியையும் இவ்வேலைக்கு விறகாக்குதல் நன்றன்று. அதன் புகை சிலருடைய கண்ணையும் தோலையும் உறுத்தும். புளியங்கரி, சீமைக் கருவேலங்கரி, கொட்டாங்கச்சிக் கரி ஆகியவை சிறந்தவை. தொழிற்சாலைகளிலிருந்து கழிந்து வரும் சாயமேறிய பலகைகளும் பெட்டிச் சட்டங்களும் இப்பக்கத்தில் மலிவாய்க் கிடைக்கின்றன. உண்ணும் பொருளுக்குக் கீழே அவற்றை எரிப்பது ஒருபோதும் கூடாது.

வாட்டும் முறை

மக்காச்சோளக் கதிர் சுடுவோர் சாலையோரத்தில் வைத்திருக்கும் கரியடுப்பும், கம்பித் தட்டும், ஓலை விசிறியுமே இதற்குப் போதும். கரி முழுதும் பற்றி, சுவாலை அடங்கி, மேலே வெண்சாம்பல் பூத்த பிறகே தட்டை வைக்க வேண்டும். கரிக்கும் தட்டுக்கும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். தட்டின் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி ஐந்து எண்ணும் வரையில் பொறுக்க முடிந்தால் அனல் பக்குவம். இரண்டு எண்ணுமுன் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால் மிகுதி.

செங்காயைத் தோல் சீவாமல், தட்டையான கொட்டையின் இருபுறமும் ஒட்டி அரிந்து இரண்டு பெரிய பத்தைகளாக எடுக்க வேண்டும். தோல் பத்தையைத் தாங்கும் தொன்னை போல் இருக்கும். அதை நீக்கினால் சதை கம்பியிடையே நழுவும். சதைமேல் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழமின்றிக் கீறி, ஈரத்தைச் சுத்தமான துணியில் ஒற்றி, நல்லெண்ணெயோ நெய்யோ கடலையெண்ணெயோ ஓரிரு துளி தடவிச் சதைப்புறம் கீழாக வைக்க வேண்டும்.

ஈரத்தை ஒற்றுவதை வீண் வேலையென்று பலர் விட்டுவிடுவர். பழுத்த மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நீரே. மேற்பரப்பில் நீர் உள்ளமட்டும் வெப்பம் நீர் கொதிக்கும் நிலையாகிய 100 பாகையைத் தாண்டாது. அதுவரை பழம் அவிகிறதேயன்றி வாடுவதில்லை. நீர் வற்றிய பின்னரே வெப்பம் ஏறும். பழத்திலுள்ள சர்க்கரைகளில் ஒன்று 110 பாகையை ஒட்டியே நிறம் மாறத் தொடங்கும்; கரும்புச் சர்க்கரை வகையோ 160 பாகை வரையில் தாங்கும். அந்நிறமாற்றத்தில்தான் வெல்லப்பாகு முறுகும் மணம் பிறக்கிறது. உப்பை முன்னதாகத் தூவக்கூடாதென்பதற்கும் காரணம் இதுவே. உப்பு சதையிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும்.

நான்கைந்து நிமிஷத்தில் கீழ்ப்புறம் பொன்னிறமாகிக் கம்பித் தழும்பு விழும். அடிக்கடி புரட்டுதல் பெருந்தவறு. தானே கம்பியை விட்டுக் கழன்று வரும்போது ஒரேமுறை புரட்டி, தோற்புறம் கீழாக இரண்டு மூன்று நிமிஷம் வைத்தால் உள்வரை சூடேறும்.

வெல்லமும் காரமும்

பத்துப் பன்னிரண்டு பத்தைகளுக்கு 100 கிராம் வெல்லம் போதும். மூன்று கரண்டி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் ஒட்டும் பதம் வரும்வரை காய்ச்சி இறக்கி, பாதி எலுமிச்சம்பழச் சாறு பிழிய வேண்டும். வெல்லம் எளிதில் கருகிக் கசக்கும். ஆதலின் பத்தையைப் புரட்டிய பிறகு, எடுப்பதற்கு ஒரு நிமிஷம் முன்பாக மட்டுமே தடவுவது முறை. வாழைமட்டைத் துண்டின் நுனியை நைத்துக்கொண்டால் அதுவே நல்ல தூரிகை.

காரப்பொடிக்கு நான்கு வற்றல் மிளகாய், ஒரு சிறு கரண்டி சீரகம், பத்து மிளகு, விரல்நுனியளவு சுக்கு ஆகியவற்றைத் தனித்தனியே வெறுஞ்சட்டியில் வறுத்து இடித்து, இறுதியில் இரண்டு சிறு கரண்டி உப்புக் கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லைக்கப்பாலிருந்து வரும் பியாதகி மிளகாய் நிறம் மிகுந்து உறைப்புக் குறைந்தது. குழந்தைகளும் உண்பதற்கு அது நல்லது. உறைப்பு வேண்டுவோர் பாதிக்குப் பாதி குண்டு மிளகாய் சேர்க்கலாம். மிளகாயின் உறைப்புச் சத்து நீரில் கரையாது, எண்ணெயில் கரையும்; முன்பு தடவிய இரண்டு துளி எண்ணெய் இப்போது காரத்தைப் பழமெங்கும் பரப்பும். தட்டின்மேல் பத்தை இருக்கும்போதே பொடியைத் தூவினால் கரியில் விழுந்து கமறும்; அக்கம்பக்கத்தார் இருமிக்கொண்டே கலைவர். இறக்கிய பிறகு தூவுவதே வியாபாரத்துக்கும் அழகு.

மிளகாய் இந்நாட்டிற்குப் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையும் சுக்கையுமே நம்பியிருந்தனர். மாவோ ஆசியாவிலிருந்து கப்பலேறி, பிலிப்பைன் தீவுகளின் வழியாக மெக்ஸிகோ சென்றது. இன்று மெக்ஸிகோவின் தெருக்களிலும் மாம்பழத்தின்மேல் மிளகாய்ப்பொடியும் உப்பும் எலுமிச்சைச் சாறும் இட்டே விற்கிறார்கள். பிரேஸில் தேசத்தில் அன்னாசியைச் சர்க்கரையும் லவங்கப்பட்டையும் தூவி அனலில் சுட்டு உண்பர். அன்னாசிக்கும் நம் காரப்பொடி நன்றாகப் பொருந்தும். கொய்யாவும் சுமாராக இசையும். பப்பாளியை முயலாமலிருப்பது நலம்.

பச்சை உதிர்காய்க்குரிய வழி

முற்றாத காயைப் பத்தையாக்கி வாட்டுவதில் பயனில்லை என்று கூறப்பட்டது. அதனை முழுக்காயாகவே தணலுக்குள் புதைக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று இடங்களில் கத்தி நுனியால் குத்திவிடாவிடில் உள்ளே எழும் ஆவி காயை வெடிக்கச் செய்து தணலைச் சிதறடிக்கும். இருபது இருபத்தைந்து நிமிஷம் புரட்டிப் புரட்டிச் சுட்டால் தோல் கரிந்து, உள்ளே சதை வெண்ணெய் போல் குழையும். ஆறிய பின் தோலுரித்துப் பிசைந்து, அதன் எடையில் பாதி வெல்லமும், வறுத்த சீரகமும், உப்பும், சிட்டிகை காரப்பொடியும் கலந்தால் பச்சடியாயிற்று. அதையே பானைத் தண்ணீரில் கரைத்தால் வெயிலில் உழைத்து வருவோர்க்கு ஏற்ற பானகமாகும். வட இந்தியாவில் ஆம் பன்னா என்று வழங்கும் பானத்தைப் பல வீடுகளில் இவ்வாறு சுட்ட காயினின்றே செய்கிறார்கள். வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் இது மீட்டுத் தரும். காயிலுள்ள ‘சி’ உயிர்ச்சத்தில் ஒரு பகுதி நெருப்பில் அழியும் என்பதையும் சொல்லவேண்டும். அதற்காகப் பச்சையாகவும் கொஞ்சம் கடித்துக்கொள்ளத் தடையில்லை.

கணக்கு

நடுத்தரக் கிளிமூக்கு கிலோவுக்கு இரண்டு மூன்று நிற்கும். ஆகவே கிலோவுக்கு நான்கு முதல் ஆறு பத்தைகள். பத்தை ஒன்று 10 ரூபாய்க்கு விலைபோகிறதென்று வைத்துக்கொண்டால், 5 ரூபாய்க்குக் கேட்கப்பட்ட காயிலிருந்து 40 முதல் 60 ரூபாய் வரவு. இதில் கரி, வெல்லம், எண்ணெய், இலை ஆகியவற்றின் செலவும், ஒரு ஆளின் மாலைப்பொழுதும் கழிய வேண்டும். ஆளுக்குக் கூலி போட்டால் லாபம் வெகுவாகக் குறையும். வீட்டார் இருவர் மாறி மாறி நின்றால் ஏதோ மிஞ்சும். அன்றியும் ஓர் அடுப்பில் ஒரு மாலைக்கு இரண்டு மூன்று கூடைக்கு மேல் செல்லாது. தொழிற்சாலைகளில் முறை மாறும் வேளையில் வெளிவரும் தொழிலாளரும், பெங்களூர் நோக்கிச் செல்லும் வண்டிக்காரர்களும் வாங்குவோராய் இருப்பது குருபரப்பள்ளிக்கு வாய்த்த அனுகூலம். சாலையை விட்டு உள்ளடங்கிய கிராமத்தில் இதே கணக்கு பலிக்காது. அங்கே வீட்டு உபயோகத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாலையில் விற்பவர் உணவுப் பாதுகாப்பு இலாகாவில் சிறு வியாபாரியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரிந்த பத்தையை ஈ மொய்க்க விடலாகாது. அன்றன்று அரிந்தது அன்றே தீரவேண்டும். தொன்னைக்கு மந்தாரை இலையோ வாழையிலையோ போதும். அச்சிட்ட காகிதத்தின் மை சூடான வெல்லத்தில் ஒட்டுமாதலால் அதில் பொதிந்து கொடுப்பது தகாது.

கடைசியாகக் கொட்டை. தணலில் முழுதாய்ச் சுட்ட காயின் கொட்டை முளைக்காது. அதன் உயிர் வெந்துவிடும். ஆனால் பத்தையாக்கிய செங்காய் நன்கு முற்றியதாயிருந்தால் அதன் கொட்டை உயிருள்ளதே. சதையை வழித்துக் கழுவி நிழலில் உலர்த்தினால் ஒட்டுக் கன்றுகளுக்கு வேர்ச்செடி வளர்க்க உதவும். மாங்கொட்டை நெல்லைப்போல் குதிரில் காத்திருக்காது. சில வாரங்களுக்குள் முளைப்பு குன்றிவிடுமாதலால், ஒட்டுக்கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற சந்தூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளுக்குக் கொடுக்க நினைப்போர், மூட்டை நிறையட்டுமென்று காத்திராமல் வாரத்துக்கொருமுறை அனுப்பிவிடுவது நலம்.